சிவப்பு வயர் எந்த ஓட்டையில் இருந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போ நேரம் இல்லைன்னா சேமிச்சு வெச்சு ராத்திரி படிங்க.

வீட்டுல ஒரு மல்டிமீட்டர் வெச்சிருக்கிறவங்க, எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறவங்க, யூடியூப் பார்த்து பழைய போர்டைக் கழட்டி உட்கார்ந்திருக்கிற தம்பிகள், முக்கியமா உங்களுக்காகத்தான் எழுதுறேன். டாக்டருக்கு மீட்டர்ல என்னய்யா வேலைன்னு கேட்பீங்க. சொல்றேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தாலுகா ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுல நான்தான் டியூட்டி. ஆட்டோவுல ஒரு பையனைக் கொண்டு வந்தாங்க. 24 வயசு. ஏசி போர்டு, இன்வெர்ட்டர் போர்டு எல்லாம் சரி பண்ற தம்பி. ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் வெந்து தோல் உரிஞ்சிருக்கு. முகம் பூரா கரி. புருவம் பொசுங்கிப் போச்சு. கண்ணைத் திறக்க முடியல, தண்ணியாக் கொட்டுது. கூட வந்த அம்மா, "என் புள்ளைக்குக் கண்ணு தெரியுமா சார்?"னு அதையே திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருந்தாங்க.

"என்னாச்சு தம்பி?"

"மீட்டர் வெடிச்சிருச்சு சார்."

ஈசிஜி எடுத்தோம், சலைன் போட்டோம், வலிக்கு ஊசி, டிடி ஊசி, கண்ணைக் கழுவி விட்டோம். எல்லாம் நடந்துட்டு இருக்கும்போது நான் கேட்டேன்: "சிவப்பு வயர் எந்த ஓட்டையில இருந்துச்சு?"

ஸ்டாஃப் நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. அந்தத் தம்பி மட்டும் கண்ணை மூடிக்கிட்டே கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம் மெதுவா, "காலையில ஒரு எல்ஈடி டிரைவர்ல ஆம்ப்ஸ் பார்த்தேன் சார்... மாத்தல"ன்னான்.

அவ்வளவுதாங்க. காலையில மின்னோட்டம் அளக்க சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில செருகியிருக்கான். சாயங்காலம் தெரிஞ்சவர் ஒருத்தர் ரைஸ் மில்லுல மோட்டார் ஓடலைன்னு கூப்பிட்டிருக்கார். மூணு ஃபேஸும் வருதான்னு பார்க்க, நாப்பை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, பேனல்ல ரெண்டு ஃபேஸ்ல ரெண்டு முனையையும் வெச்சிருக்கான். நாப் சரி. வயர் தப்பு.

இது ஏன் குண்டு மாதிரி வெடிக்குதுன்னு புரிஞ்சுக்கணும். மீட்டர் வோல்ட் அளக்கும்போது அதோட உள் தடை ரொம்ப ரொம்ப அதிகம், சாதாரண டிஜிட்டல் மீட்டர்ல 10 மெகா ஓம் வரைக்கும் இருக்கும். அதனால கரண்ட் உள்ளே போறதே கிடையாதுன்னு சொல்லலாம். ஆனா ஆம்பியர் ஓட்டைக்கும் கருப்பு ஓட்டைக்கும் நடுவுல உள்ளே இருக்கிறது ஒரு தடிச்ச கம்பித் துண்டு. ஷண்ட்னு பேர். அதோட தடை ஒரு ஓம்ல நூத்துல ஒரு பங்கு அளவுதான். நீங்க நாப்பை எங்கே திருப்பினாலும் அந்தக் கம்பி அங்கேயேதான் இருக்கும். அப்போ அந்த வயரோட ரெண்டு ஃபேஸைத் தொடுறதும், ஒரு செம்புக் கம்பியைக் கையால எடுத்து ரெண்டு ஃபேஸுக்கும் குறுக்கே வைக்கிறதும் ஒண்ணுதான். 415 வோல்ட். மெயின் பேனல்ல நேரா ஷார்ட். ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒரு நொடியில ஒரு சின்னப் பங்கு நேரம் பாயும். செம்பு உருகி ஆவியாகும். அந்த நெருப்புதான் இவன் கையிலயும் முகத்துலயும் அடிச்சது. கவனிங்க, இவனுக்கு ஷாக்கே அடிக்கல. கரண்ட் உடம்புக்குள்ள போகவே இல்ல. இருந்தும் ரெண்டு கையும் போயிருக்க வேண்டியது.

நல்ல மீட்டரா இருந்தா அந்த ஆம்பியர் ஓட்டைக்குள்ள ஒரு தடியான பீங்கான் ஃபியூஸ் இருக்கும். உள்ளே மணல் நிரப்பி, இந்த மாதிரி ஷார்ட்டை வெடிக்காம அறுக்கிறதுக்குன்னே செஞ்சது. ஆனா 300 ரூபாய்க்குக் கிடைக்கிற மஞ்சள் மீட்டரை எடுத்து அந்த ஓட்டைக்குக் கீழே பொடி எழுத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. பல மீட்டர்ல 'அன்ஃபியூஸ்டு'ன்னு இருக்கும். ஃபியூஸ் கிடையாதுன்னு அவனே சொல்லிட்டான். நாமதான் படிக்கல. இதுல நம்ம ஊர்க் கைவேலை ஒண்ணு வேற. ஃபியூஸ் இருக்கிற மீட்டர்லயும், அது ஒரு தடவை போயிட்டா, அதே ஃபியூஸ் கடையில இல்லைன்னு வயர்லேர்ந்து ஒரு செம்பு இழையைப் பிரிச்சுச் சுத்தி விட்டுடுறது. வீட்டு மெயின் போர்டுலயே அதைச் செய்றவங்க நாம. மீட்டரை விட்டுடுவோமா?

அந்தத் தம்பியை அன்னைக்கே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணினோம். முகமும் கையும் வெந்தா, பரப்பு சின்னதா இருந்தாலும் எங்க மாதிரி இடத்துல வெச்சுக்கக் கூடாது.

ஆம்புலன்ஸ் கிளம்பின பிறகு ஸ்டாஃப் நர்ஸ் கேட்டாங்க, "எப்படி சார் வயரைப் பத்திக் கேட்டீங்க?"

எங்க அப்பா ரேடியோ மெக்கானிக்ங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எட்டுக்குப் பத்து அடியில ஒரு கடை. ரேடியோவுல ஆரம்பிச்சு, டேப், கறுப்பு வெள்ளை டிவி, கலர் டிவி, டிவிடி, இப்போ எல்ஈடி டிவி, இன்வெர்ட்டர்னு காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறிட்டே வந்துட்டார். என்னைப் படிக்க வெச்சது அந்தக் கடைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஈயம் உருகுற வாசனையிலதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அப்பா டிவியோட பின்மூடியைக் கழட்டிட்டு வேலை பார்க்கும்போது இடது கையை எப்பவும் முதுகுக்குப் பின்னால மடக்கி வெச்சிருப்பார். கோயில்ல பிரகாரம் சுத்துற பெரியவர் மாதிரி. நான் சின்ன வயசுல அது அவர் ஸ்டைல்னு நினைச்சேன். கேட்டப்போ, "ரெண்டு கையையும் உள்ளே விட்டா கரண்ட் இந்தக் கையில ஏறி அந்தக் கையில இறங்கும். நடுவுல என்ன இருக்கு? நெஞ்சு"ன்னார். ஒன்பதாம் வகுப்பு தாண்டாத மனுஷன். பின்னாடி எம்பிபிஎஸ்ல நான் படிச்சது அதே விஷயத்தைத்தான்.

மின்சாரம் இதயம் வழியா போகுதாங்கிறதுதான் கேள்வி. வீட்டுக் கரண்ட்ல சுமார் 1 மில்லியாம்பியர் போனா சுருக்குன்னு உணர்வோம். 10 மில்லியாம்பியரைத் தாண்டும்போது கையை விட முடியாது. விரலை மடக்குற தசைகள் நீட்டுற தசைகளை விடப் பலமானவை, எல்லாம் ஒண்ணா இழுக்கும்போது கை அந்தக் கம்பியையே இறுக்கிப் பிடிச்சுக்கும். 'கரண்ட் இழுத்துப் பிடிச்சுருச்சு'ன்னு சொல்றோமே, இழுக்கிறது கரண்ட் இல்ல, நம்ம கைதான். 50, 100 மில்லியாம்பியர்னு போனா, ஒரு சில நொடியிலயே இதயம் துடிக்கிறதை விட்டுட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம். ஒரு 25 வாட் குண்டு பல்பு எடுக்கிறதே 100 மில்லியாம்பியருக்கு மேல. காய்ஞ்ச தோல் கொஞ்சம் தடுக்கும். வேர்த்த கை, வெறுங்கால், ஈரத்தரைன்னா உடம்போட தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிடும். 230-ஐ 1000-ஆல வகுத்துப் பாருங்க.

'எங்க வீட்டுல ஆர்சிசிபி இருக்கு சார்'னு சொல்வீங்க. ரொம்ப நல்லது, இல்லாதவங்க போடுங்க. அது கரண்ட் தரைக்குக் கசிஞ்சா கண்டுபிடிச்சு 30 மில்லியாம்பியர்ல வெட்டும். ஆனா ஒரு கை ஃபேஸ்லயும் இன்னொரு கை நியூட்ரல்லயும் இருந்தா, அதோட கண்ணுக்கு நீங்க ஒரு பல்பு, அவ்வளவுதான். வெட்டாது. பிளக்கைப் பிடுங்கின பிறகு போர்டுல மிச்சம் இருக்கிற கெப்பாசிட்டர் சார்ஜும் அதுக்குத் தெரியாது.

கெப்பாசிட்டர்னதும் என் கதை. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் நண்பனோட கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் செத்துப் போச்சு. ரேடியோ மெக்கானிக் மகன் ஆச்சே, விடுவேனா? பிளக்கைப் பிடுங்கினேன், கழட்டினேன். உள்ளே ரெண்டு பெரிய கெப்பாசிட்டர். அதுல சார்ஜ் இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனால மீட்டர் வெச்சுப் பார்த்தேன். ஜீரோ. தைரியமா போர்டைத் திருப்பி வலது கையால எடுத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சரியா அந்த ஈயப் புள்ளிகள் மேல.

படார்னு ஒரு அடி. கை தானா எகிறி முழங்கை இரும்புக் கட்டில்ல இடிச்சது. போர்டு ஜன்னல் பக்கம் பறந்துச்சு. நண்பன் சிரிச்சான், அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டான். ரெண்டு விரல்லயும் மிளகு அளவு வெள்ளைப் புள்ளி. அன்னைக்கு ராத்திரி வார்டுல யாருக்கும் தெரியாம நாங்களே எனக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்தோம். நார்மல். இடது கை வழக்கம் போல முதுகுக்குப் பின்னால இருந்ததால, கரண்ட் ரெண்டு விரலுக்கு நடுவுலேயே முடிஞ்சு போச்சு. இன்னொரு கையால மறுமுனையைப் பிடிச்சிருந்தா அந்த ஈசிஜியை எடுத்திருக்க வேற ஆள் வேணும்.

அப்புறம்தான் மீட்டரைப் பார்த்தேன். நாப் ஏசி வோல்ட்ல நிக்குது! காலையில சுவர் பிளக்ல 230 வருதான்னு பார்த்துட்டு அப்படியே விட்டிருக்கேன். கெப்பாசிட்டர்ல இருந்தது டிசி. 230 வோல்ட் ஏசியைத் திருத்தினா அதோட உச்சம் 325 வோல்ட் டிசி. பல மீட்டர்கள் ஏசியில வெச்சு டிசியைத் தொட்டா ஜீரோன்னு அமைதியாச் சொல்லும். அது பொய் சொல்லல. ஏசி எவ்வளவுன்னு கேட்டேன், ஏசி இல்லைன்னு சொல்லுச்சு.

இன்னொண்ணும் அன்னைக்குத்தான் புரிஞ்சது. நல்லா ஓடிட்டு இருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை அணைச்சா, மிச்சம் இருக்கிற சார்ஜை அந்தச் சர்க்யூட்டே தின்னு தீர்த்துடும். செத்துப் போனது தின்னாது. சார்ஜை வடிக்கிற ப்ளீடர் ரெசிஸ்டரும் போயிருந்தா நிமிஷக் கணக்கா, சில சமயம் அதுக்கும் மேல அப்படியே நிக்கும். நாம ரிப்பேருக்குத் திறக்கிறது எப்பவும் செத்துப் போன சப்ளையைத்தானே?

அப்பாகிட்ட போன்ல சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். "கருப்பு முனையை எங்கே வெச்சே?"ன்னு கேட்டார். பாடிலன்னேன். "நாப் சரியா வெச்சிருந்தாலும் உனக்குத் தப்பாத்தான் காட்டியிருக்கும்"னார். எஸ்எம்பிஎஸ்ல மெயின் பக்கம் ஒரு கிரவுண்ட், வெளியே 12 வோல்ட், 5 வோல்ட் வர்ற பக்கம் வேற கிரவுண்ட். மெக்கானிக்குங்க முதல்தை ஹாட் கிரவுண்ட்னு சொல்வாங்க. ரெண்டுக்கும் நடுவுல தொடர்பு கிடையாது. பெரிய கெப்பாசிட்டரை அளக்கணும்னா அதோட மைனஸ் கால்லயே கருப்பை வைக்கணும். பாடியில வெச்சா வர்ற எண்ணுக்கு அர்த்தமே இல்ல. ஆக ஒரே அளவுல நான் ரெண்டு தப்பு பண்ணியிருக்கேன், ரெண்டும் சேர்ந்து 'பயப்படாதே'ன்னு சொல்லியிருக்கு.

வடிக்கிறதுக்கு அப்பா ஸ்க்ரூடிரைவர் வெச்சு ஷார்ட் பண்ண விடவே மாட்டார். சத்தம் கேட்கும், பொறி பறக்கும், போர்டுல செப்புத் தடம் எரியும், முகத்துல தெறிக்கும். ஹோல்டர்ல ஒரு 60 வாட் குண்டு பல்பு, அதுல ரெண்டு நல்ல இன்சுலேஷன் உள்ள வயர், முனையில புரோப். கெப்பாசிட்டரோட ரெண்டு கால்லயும் வெச்சா பல்பு ஒரு கணம் மின்னி அணையும். அப்புறம் மீட்டர், டிசியில. அப்புறம்தான் கை. இப்பவும் அதேதான். இதையெல்லாம் படிச்சுட்டு மைக்ரோவேவ் ஓவனைத் திறந்துடாதீங்க. அதுக்குள்ள இருக்கிறது ஆயிரக்கணக்கான வோல்ட். உங்க மீட்டரும் அதோட வயரும் 600 வோல்ட்டுக்கோ 1000 வோல்ட்டுக்கோ செஞ்சது. அதை அளந்து பார்க்கிறேன்னு கிளம்புறதே தப்பு. தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுத்துடுங்க.

சரி, இனி நான் எழுத யோசிச்ச விஷயம்.

ரைஸ் மில் தம்பி வந்து நாலு மாசம் இருக்கும். ஐப்பசி மழை. காலை ஆறரை மணிக்கு ஒரு வேன்ல ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. நாற்பதைத் தாண்டினவர், பம்பு செட் மோட்டார், ஸ்டார்ட்டர் போர்டு வேலையில சுத்துப்பட்டு கிராமத்துக்கெல்லாம் இவர்தான். வயல் மோட்டார் கொட்டகையில விழுந்து கிடந்திருக்கார். எவ்வளவு நேரமாச்சுன்னு யாருக்கும் சரியாத் தெரியல. சிபிஆர் ஆரம்பிச்சோம். மானிட்டர்ல தட்டைக் கோடு.

இங்கே எங்க தொழில்ல ஒரு விதி உண்டு. தட்டைக் கோடு தெரிஞ்சா உடனே நம்பக் கூடாது. முதல்ல லீடைப் பார். நெஞ்சுல ஒட்டியிருக்கா, வயர் மெஷின்ல சரியா இருக்கா, கெயின் குறைஞ்சிருக்கா, வேற லீடுக்கு மாத்தினாலும் அதே கோடுதானா. ஏன்னா கழண்டு போன வயரும் தட்டைக் கோடுதான் காட்டும். உயிரோட இருக்கிற ஆளைச் செத்துட்டார்னு சொல்லிடக் கூடாது. அன்னைக்கும் எல்லாம் பார்த்தோம். லீடெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அரை மணி நேரத்துக்கு மேல முயற்சி பண்ணிட்டு, வெளியே வந்து வீட்டுக்காரங்ககிட்ட சொன்னேன்.

போலீசுக்குத் தகவல், போஸ்ட்மார்ட்டம்னு எழுத வேண்டியது எல்லாம் எழுதி முடிச்சு வராண்டாவுக்கு வந்தா, அவரோட மச்சான் நின்னுட்டு இருந்தார். அவரும் எலக்ட்ரீஷியன். சட்டையெல்லாம் சேறு. கையில அந்த மீட்டர்.

"மெயினை அமத்திட்டுத்தான் சார் போனார். ஆனா அது ஒரு ஃபேஸை விடல போல. மாமா மீட்டர் வெச்சுப் பார்த்தார், ஜீரோன்னு என்கிட்ட சொன்னார் சார். நான் டார்ச் எடுக்கப் போனேன்..."

சொல்லிட்டே மீட்டரைப் பீப் சத்தத்துல வெச்சு ரெண்டு முனையையும் சேர்த்தார். பீப் அடிச்சுது. சிவப்பு வயரைக் கைப்பிடிக்கிட்ட லேசா வளைச்சார். நின்னு போச்சு. நிமிர்த்தினார், அடிச்சுது. வளைச்சார், நின்னுச்சு. அதையே செஞ்சுட்டு நின்னார். மேலே ரப்பர் முழுசா இருக்கு, உள்ளே செம்பு அறுந்திருக்கு.

மானிட்டரோட லீடை நான் சரிபார்த்தேன். மீட்டரோட லீடை யாரும் சரிபார்க்கல.

அன்னையிலேர்ந்து யார் கேட்டாலும் கேக்காட்டியும் இதைச் சொல்லிட்டே இருக்கேன். 'கரண்ட் இல்லை'ன்னு மீட்டர் சொல்றதை நம்பறதுக்கு முன்னாடி, கரண்ட் இருக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு இடத்துல அதே மீட்டரை, அதே வயரை, அதே நாப் நிலையில வெச்சுப் பாருங்க. 230 காட்டுதா? இப்போ வேலை செய்யப் போற இடத்தைப் பாருங்க. ஜீரோவா? உடனே தொடாதீங்க. திரும்பவும் அந்தத் தெரிஞ்ச இடத்துக்குப் போய் இன்னொரு தடவை பாருங்க. நடுவுல வயர் அறுந்திருந்தா இங்கே தெரிஞ்சுடும். மொத்தம் ஒரு நிமிஷ வேலை. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல மட்டும் பார்த்துட்டு விடாம, ஃபேஸுக்கும் எர்த்துக்கும், மூணு ஃபேஸா இருந்தா ஒவ்வொரு ஜோடிக்கும் பாருங்க.

டெஸ்டர் போதாதான்னு கேட்பீங்க. டெஸ்டர் எரிஞ்சா கரண்ட் இருக்கு, சரி. எரியலைன்னா ஒண்ணும் சொல்ல முடியாது. ரப்பர் செருப்பு, மரப் பலகை மேல நிக்கிறது, பகல் வெளிச்சம், உள்ளே பல்பு போனது, எதனாலயும் எரியாம இருக்கலாம். மீட்டருக்கு நேர் எதிரான குறும்பு ஒண்ணும் உண்டு. எதுலயும் இணைக்காத வயர்ல கூட 40, 60 வோல்ட்னு காட்டும். பக்கத்துல ஓடுற வயரோட தாக்கம் அது, இதையெல்லாம் பழக்கத்துல கண்டுக்கலாம். ஆனா 'இது சும்மா காட்டுற வோல்ட்டு'ன்னு ஊகிச்சுட்டுக் கை வைக்காதீங்க. ஒரு டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பார்த்தா நிஜமா பொய்யான்னு தெரிஞ்சுடும்.

இப்போ உங்க புரோப்பைக் கையில எடுங்க. நிஜமாத்தான் சொல்றேன், வீட்டுல இருந்தா எடுத்துட்டு வந்து மேல படிங்க. கைப்பிடியில முனைக்கு முன்னாடி ஒரு வளையம் மாதிரி தடிப்பு இருக்கா? விரல் அதைத் தாண்டி முன்னாடி போகக் கூடாதுன்னுதான் அது. முனையில எவ்வளவு உலோகம் வெளியே தெரியுது? நீளமா, 18, 19 மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தா, அது பிளக்ல செருகுற சாமான்களோட போர்டு வேலைக்கு. மெயின் பேனல், டிபி மாதிரி இடத்துக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல வெளியே தெரியக் கூடாதுன்னு சர்வதேசத் தரம் சொல்லுது. காரணம் ரொம்ப எளிசு. நீளமான முனை சறுக்கினா ரெண்டு டெர்மினலை ஒண்ணாத் தொட்டுடும். நல்ல புரோப்போட ஒரு பிளாஸ்டிக் மூடி வரும், பிரிச்ச அன்னைக்கே தொலைச்சுடுறோமே, அது இதுக்குத்தான். கைப்பிடியில கேட் 2, கேட் 3னு எழுதியிருக்கும். வீட்டுச் சாமான் கேட் 2, டிபி, மோட்டார் பேனல் கேட் 3, வெளியே மின்கம்பத்துலேர்ந்து வர்ற சர்வீஸ் லைன் கேட் 4. மீட்டர்ல 3ன்னும் வயர்ல 2ன்னும் இருந்தா உங்ககிட்ட இருக்கிறது 2தான். அப்புறம் ஓம்ல வெச்சு ரெண்டு முனையையும் சேர்த்து, ரெண்டு வயரையும் முனையிலயும் பிளக் பக்கமும் வளைச்சு வளைச்சுப் பாருங்க. அரை ஓம்முக்குள்ள ஆடாம நிக்கணும். குதிச்சா குப்பைத் தொட்டி. டேப் சுத்தி வெச்சுக்காதீங்க.

தொடும்போது கருப்பு முதல்ல, சிவப்பு அப்புறம். எடுக்கும்போது சிவப்பு முதல்ல. முடிஞ்சா கருப்புக்கு ஒரு முதலை கிளிப் போட்டு, கரண்ட் கொடுக்கிறதுக்கு முன்னாடியே மாட்டிட்டா ஒரு கையால வேலையை முடிச்சுடலாம். இன்னொரு கை எங்கே இருக்கணும்னு சொல்லிட்டேன்.

ஷாக் அடிச்சவரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. முதல்ல மெயினை அமத்துங்க. ஓடிப் போய்ப் பிடிக்காதீங்க, அடுத்த பெட்ல உங்களைப் போட எனக்கு இஷ்டமில்ல. பேச்சு மூச்சு இல்லைன்னா கை காலைத் தேய்க்கிறது, தண்ணி ஊத்துறதுன்னு நேரத்தை விடாம 108-க்குப் போன் பண்ணச் சொல்லிட்டு நெஞ்சு நடுவுல அழுத்த ஆரம்பிங்க. நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். வெந்த இடத்துல பேஸ்ட்டும் வேணாம், இங்க்கும் வேணாம். குழாய்த் தண்ணி 20 நிமிஷம், அதுவும் கரண்டை அமத்தின பிறகு. மயக்கம் வந்திருந்தா, நெஞ்சு படபடத்தா, மூத்திரம் டீ டிக்காஷன் நிறத்துல போனா, கர்ப்பிணியா இருந்தா, வெளியே காயம் புள்ளி அளவு இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. அந்த நிறம் உள்ளே தசை வெந்து அதோட கழிவு கிட்னியில போய் அடைக்குதுன்னு அர்த்தம். அதை வீட்டுல உட்கார்ந்து பார்க்க முடியாது.

ரைஸ் மில் தம்பி மூணு மாசம் கழிச்சு ஓபிக்கு வந்தான். கண்ணு நல்லாத் தெரியுது. இடது சுண்டு விரல் மட்டும் முழுசா மடங்கல. பையிலேர்ந்து புது மீட்டரை எடுத்துக் காட்டினான். 10 ஆம்பியர் ஓட்டை மேல சிவப்பு டேப் ஒட்டியிருந்தான். "ஆம்ப்ஸ் பார்க்கணும்னா இதைப் பிரிக்கணும் சார். பார்த்து முடிச்சதும் ஒட்டணும். ஒட்டணும்னா வயரை எடுத்தாகணும்." எனக்கு இது தோணவே இல்ல. நானும் ஒட்டிட்டேன்.

பம்பு செட்காரர் இறந்ததுக்கு அடுத்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். நேரா கடைக்குத்தான் போனேன். அப்பாவுக்கு இப்போ 66 வயசு. கண்ணாடி மேல இன்னொரு லென்ஸ் மாட்டிட்டு ஏதோ போர்டைப் பார்த்துட்டு இருந்தார். மேஜை மேல அவரோட மீட்டர். சிவப்பு வயர்ல ரெண்டு இடத்துல கறுப்பு டேப்.

"எவ்வளவு வருஷமாச்சுப்பா இந்த வயர்?"

"அது ஆச்சு, நீ காலேஜ் சேர்ந்த வருஷம் வாங்கினது. நல்லாத்தான் இருக்கு."

பீப்ல வெச்சேன். அடிச்சுது. டேப்புக்கிட்ட லேசா வளைச்சேன். நின்னு போச்சு. நிமிர்த்தினேன், அடிச்சுது.

அப்பா ஒண்ணும் பேசல. லென்ஸைத் தூக்கி விட்டுட்டு வயரை வாங்கி அவரே ஒரு தடவை வளைச்சுப் பார்த்தார். அப்புறம் டிராயரைத் திறந்து கட்டர் எடுத்து அதை நாலு துண்டா வெட்டி, வேற யாரும் எடுத்துப் போட்டுக்க முடியாத மாதிரி, குப்பையில போட்டார். அவர் ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கீழே போடாத மனுஷன்.

போன வாரம் போன் பண்ணினார்.

"டேய், நீ வாங்கிக் கொடுத்த வயர் நல்லா மெத்து மெத்துன்னு இருக்குடா. ஆனா அந்த மூடி இருந்தா ஐசி காலுக்கு எட்டல."

"போர்டு வேலைக்குக் கழட்டிக்கங்கப்பா. மெயின் பக்கம் போகும்போது மட்டும் திரும்ப மாட்டிக்கங்க. தொலைச்சுடாதீங்க."

"சட்டைப் பையிலதான்டா வெச்சிருக்கேன். உங்கம்மா துவைக்கப் போடும்போது எடுத்துக் கொடுத்தா."